கட்டிக் கற்கும் சரித்திரம்

(சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வீட்டுப் பாடம்)

வியாபாரிகளாகிய நம்மில் சரக்கின் வரலாற்றை அறியாதவர் இலர். ஒரு மூட்டை மிளகு கடைக்கு வந்து இறங்கினால், அது எந்த ஊர்ச் சரக்கு, எந்தப் போகம், யார் கை மாறி வந்தது, வழியில் நனைந்ததா என்றெல்லாம் தீர விசாரித்த பின்னரே விலை பேசுகிறோம். ஆனால் நம் வீட்டில் வளரும் ஆறு வயதுப் பிள்ளையை அருகில் அழைத்து, "நாம் எங்கிருந்து வந்தோம்? ஏன் இந்த ஊரில் இருக்கிறோம்? இந்தக் கடை இந்தத் தெருவில் ஏன் அமைந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. குற்றம் பிள்ளையுடையதன்று. சரக்கைப் பற்றிப் பேசும் நாம் பிள்ளையிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. பழைய கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கப்பலில் வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் பிரிகிறார்கள். அவர்களோடு போகும் செய்திகளைப் பின்னர் எந்த விலை கொடுத்தும் வாங்க இயலாது. தன் வேரை அறியாத பிள்ளை, "நீ எந்த ஊர்?" என்று பள்ளித் தோழன் கேட்கும்போது தலை குனிகிறது, அல்லது கேட்டவன் சொல்லும் பதிலையே தன் பதிலாக ஏற்றுக்கொள்கிறது.

சரித்திரத்தைச் சிறு பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது? ஆண்டுகளையும் பெயர்களையும் ஒப்பிக்கச் செய்தால் நாலு நாளில் மறந்து போகும். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கையே முதல் ஆசான். ஆகவே, கட்டி விளையாடுவதன் வழியாக வீட்டிலேயே சரித்திரம் கற்பிக்கும் முறையை இக்கட்டுரையில் நான்கு பாடங்களாக எழுதுகிறோம்.

இம்முறை வந்த வழி

ஜெர்மனியில் பிரீட்ரிக் புரோபல் (1782–1852) என்னும் ஆசிரியர் 1837 இல் சிறு பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, மரப்பந்துகளையும் மரக்கட்டைகளையும் அவர்கள் கையில் கொடுத்தார். 1840 இல் அதற்கு அவர் சூட்டிய பெயரே இன்று நாம் வழங்கும் 'கின்டர்கார்டன்' என்பது. பின்னர் அமெரிக்காவில் ஜான் டூயி என்னும் அறிஞர் 1896 இல் சிக்காகோ சர்வகலாசாலையில் ஒரு பரிசோதனைப் பள்ளியை நிறுவினார். அங்கே பிள்ளைகள் நூல் நூற்றும் குடிசை கட்டியும் பண்டை மக்களின் வாழ்க்கையைக் கற்றனர். 1914 இல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கிய கேரலைன் பிராட் அம்மையார், ஒன்றுக்கு ஒன்று பாதியும் இரட்டிப்புமாக அளவு பொருந்தும் மரக்கட்டைகளைச் செய்து, பிள்ளைகள் தாம் கண்ட தெருவையும் துறைமுகத்தையும் தாமே தரையில் கட்டும்படி விட்டார். டென்மார்க்கில் 1932 இல் ஒரு தச்சர் தொடங்கிய பட்டறையிலிருந்து பிறந்து, 1958 இல் காப்புரிமை பெற்ற லெகோ கட்டைகளை அறியாத பிள்ளை இன்று இல்லை.

இவ்வளவு பெயர்களைச் சொன்னதால் பெரும் செலவு ஆகுமோ என்று அஞ்ச வேண்டாம். இதற்கு வேண்டிய பொருள்கள் நம் கடையின் பின்கட்டிலேயே கிடக்கின்றன.

வேண்டிய பொருள்கள்

அட்டைப் பெட்டிகள், காலணிப் பெட்டிகள், வெற்றுத் தீப்பெட்டிகள், துணிச் சுருளின் நடுவே வரும் அட்டைக் குழாய்கள், சணல் கயிறு, பால் தகரம், ஐஸ்கிரீம் குச்சிகள், ஒரு பெரிய தட்டம், இரண்டு படி மணல். மைதா மாவைக் காய்ச்சினால் பசை தயார். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் அதைச் சேர்க்கலாகாது. கத்தி பெரியவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால், விழுங்கக்கூடிய சிறு பொருள்களை அவர்களுக்கு எட்டாமல் வைக்கவும்.

மனிதர்களுக்குப் பொம்மை வேண்டுவதில்லை. உருவங்களை விரும்பாத வீடுகளும் நம்மில் பல. துணி உலர்த்தும் மரக்கவ்வி ஒன்றே 'ஓர் ஆள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே அளவுகோலும் ஆகும். வாசல், ஆள் நுழையும் உயரம் இருக்க வேண்டும். படகு, ஆள் அமரும் அகலம் இருக்க வேண்டும். இந்த ஓர் ஒழுங்கு இருந்தால் பிள்ளையின் கட்டடம் உண்மையை ஒட்டி நிற்கும்.

முன்னேற்பாடு: காலக் கயிறு

பாடங்களைத் தொடங்குமுன் ஒரு நீண்ட சணல் கயிற்றில் ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு வீதம் போடுங்கள். ஒரு முடிச்சுக்கு 10 ஆண்டுகள். கயிற்றின் நுனி இன்றைய நாள். பிள்ளையின் பிறப்பு முதல் முடிச்சுக்குள்ளேயே அடங்கிவிடும். வாப்பாவுக்கு மூன்று நான்கு முடிச்சு. நன்னாவுக்கு ஏழு முடிச்சு. ராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கிய 1819 ஆம் ஆண்டுக்குப் போக 20 முடிச்சுக்கு மேல் வேண்டும். கயிறு ஏறத்தாழ 5 மீட்டர் நீளும். போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த 1511 ஆம் ஆண்டுக்குப் போனால் கயிறு 12 மீட்டரைத் தொடும். கூடத்தில் தொடங்கி அடுக்களை வரை போய்விடும். 'முன்னொரு காலத்தில்' என்ற சொல்லுக்கு எத்தனை வகை நீளம் உண்டு என்பதைப் பிள்ளை தன் காலால் நடந்தே தெரிந்துகொள்ளும்.

முதற் பாடம்: கடைவீடு

ஒரு நீண்ட அட்டைப் பெட்டியை எடுத்து, குறுகிய பக்கத்தை முகப்பாக வைத்துக் கடைவீடு கட்டச் சொல்லுங்கள். கீழே கடை, மேலே வீடு. பெட்டியை மூடி, முன் வாசல் வழியாக டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்பகுதி இருட்டாக இருக்கும். "இங்கே இருப்பவர் எப்படிக் கணக்கு எழுதுவார்?" என்று மட்டும் கேளுங்கள், வழி சொல்லாதீர்கள். சிறிது யோசித்தபின் பிள்ளை கூரையில் ஓட்டை போட வேண்டும் என்று சொல்லும். போடட்டும். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் மலாக்காவிலும் பழைய கடைவீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டது இதற்காகவே. ஒளிக்கும் காற்றுக்கும் வேறு வழி இல்லை. இரு பக்கமும் அடுத்த கடையின் சுவர்.

இனி இரண்டு மூன்று கடைகளை வரிசையாக ஒட்டி வைத்து, மேல் தளத்தை முன்னே நீட்டி, கீழே நடைபாதை விடச் செய்யுங்கள். 'அஞ்சடி' என்று நாம் சொல்லும் ஐந்தடிப் பாதை இதுதான். ஆள் என்று வைத்த மரக்கவ்வியைக் கிடத்தினால், பாதையின் அகலம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பின்பு மாவுச் சல்லடை வழியாகச் சிறிது நீரைத் தெளியுங்கள். தெருவில் நிற்கும் கவ்விகள் நனையும். பாதையில் நிற்பவை நனையா. 1822 இல் ராபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு விடுத்த கட்டளைகளில், தெருவின் இருபுறமும் தொடர்ச்சியாகக் கூரையுள்ள நடைபாதை இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. மழையும் வெயிலும் மிகுந்த ஊரில் வாங்க வருபவர் நனையாமல் கடைக்குக் கடை நடக்கலாம். வியாபாரிக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கோ சல்லடையே விளக்கிவிடும்.

இரண்டாம் பாடம்: குச்சுப் பள்ளியும் கடலும்

இப்பாடமே நான்கிலும் முக்கியமானது. நிதானமாக, இரண்டு மூன்று வாரங்களில் நடத்துங்கள்.

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது. அதற்குக் குச்சுப் பள்ளி என்று நம்மவர் வழங்கிய பெயர் இன்றும் உண்டு. கல்லால் கட்டிய பள்ளிக்கு 'குச்சு' என்ற பெயர் ஏன்? 1827 இல் அது கூரை வேய்ந்த குடிசையாகத் தொடங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா மக்கள் கையில் அப்போது இருந்தது அவ்வளவே. 1850 க்கும் 1855 க்கும் இடையில் அவ்விடத்தில் செங்கல் கட்டடம் எழுந்தது. குடிசை போயிற்று, பெயர் நின்றது.

முதல் வாரம், தட்டத்தில் ஒரு பாதிக்கு மணல் பரப்பிக் கரையாக்குங்கள். மறுபாதியில் நீல நிறத் துணியோ காகிதமோ விரித்துக் கடலாக்குங்கள். கரையின் ஒரு கோடியில் மணலைக் குவித்து ஒரு மலை செய்யுங்கள். கடலோரத்தில் குச்சிகளை நட்டு, காய்ந்த இலை வேய்ந்து பிள்ளை ஒரு சிறு அத்தாப்புக் குடிசை கட்டட்டும். கயிற்றில் 1827 இருக்கும் இடத்தில் ஒரு சீட்டைக் கட்டுங்கள். அதே கரையில், 1828 க்கும் 1830 க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்காவுக்கு ஒரு பெட்டி. அண்டையாரையும் விட்டுவிட வேண்டாம். அதே தெருவில் 1839 முதல் 1842 வரை சீனர் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் இருக்கிறது; அதற்கும் ஒரு பெட்டி வையுங்கள். கடல் கடந்து வந்தவர் எவராயினும், கரையேறிய இடத்துக்கு அருகிலேயே தத்தம் வழிபாட்டிடத்தை அமைத்தனர் என்பது வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

இரண்டாம் வாரம், குச்சிகளை மரியாதையுடன் எடுத்து வைத்துவிட்டு, தீப்பெட்டிகளைச் செங்கல்லாக அடுக்கி அதே இடத்தில் புதிய கட்டடம் எழுப்பச் சொல்லுங்கள். எத்தனை நேரம் ஆயிற்று, எத்தனை தீப்பெட்டி செலவாயிற்று என்று எண்ணச் சொல்லுங்கள். குடிசை அரை மணியில் முடிந்தது, இது முடியவில்லை. குடிசைக்கும் செங்கல் கட்டடத்துக்கும் இடையே 20 ஆண்டுகளுக்கு மேல் ஏன் சென்றன என்ற கேள்விக்குப் பிள்ளையின் களைத்த கையே பாதி பதில் சொல்லிவிடும். மீதிப் பதில் உங்களிடம் இருக்கிறது. காசு சேர வேண்டும், ஆள் சேர வேண்டும், ஊரில் நிலைத்திருப்போம் என்ற உறுதி சேர வேண்டும்.

மூன்றாம் வாரம், கடல் போகும் வாரம். இன்று தெலுக் ஆயர் தெருவில் நின்றால் கடல் தெரியாது. உயர்ந்த கட்டடங்களே தெரியும். 1879 முதல் அந்தக் குடாவைத் தூர்க்கும் வேலை நடந்தது. அருகில் இருந்த வாலிக் குன்று வெட்டப்பட்டு, அதன் மண் கடலில் கொட்டப்பட்டது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஒரு கரண்டியைப் பிள்ளையிடம் கொடுத்து, மலையிலிருந்து மண்ணை அள்ளிக் கடலில் போடச் சொல்லுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"உம்மா, கடலை ஏன் மூடினாங்க?"

"கப்பல் பெருகிச்சு. கிடங்குக்கும் ரோட்டுக்கும் இடம் பத்தல."

"அவ்வளவு மண்ணு ஏது?"

"உன் மலை எங்கே? பாரு."

"அட! மலையைக் காணோம்!"

"பள்ளிவாசல் இப்ப எங்கே இருக்கு?"

"அது அங்கேயேதான் இருக்கு உம்மா. கடல்தான் தள்ளிப் போயிருச்சு."

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிள்ளை தானே சொல்ல வேண்டும் என்பதற்காகவே மூன்று வாரப் பாடு. ஒன்று நிலைத்திருக்க, அதைச் சுற்றியுள்ளது மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. சரித்திரத்தின் சாரம் இதுவே. அழகான மாதிரிக் கட்டடம் ஒன்றைச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இதை அறிய முடியாது. கட்ட வேண்டும், பின்பு காரணம் சொல்லி மாற்ற வேண்டும். நம் முறையில் நினைவில் வைக்க வேண்டிய விதி இது ஒன்றே.

இதன்பின் ஒருநாள் பிள்ளையை அந்தத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடல் இருந்த திசையைக் காட்டச் சொல்லுங்கள். பினாங்கில் வாழ்வோர் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளலாம். 1786 இல் ஆங்கிலேயர் அங்கே குடியேற்றம் தொடங்கியபின், 1801 இல் நிறுவப்பட்ட பள்ளி அது. இன்று நாம் காணும் தோற்றம் பெரும்பாலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விரிவுபடுத்தியபோது வந்தது. முதலில் எளிய கட்டடம், பின்பு குவிமாடங்கள் என்று இரண்டு முறை கட்டலாம்.

மூன்றாம் பாடம்: ஆறும் தொங்கானும்

ஒரு அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, அதிலிருந்து ஒரு குறுகிய வாய்க்காலை அலுமினியத் தாளால் அமையுங்கள். பாத்திரம் கடல், வாய்க்கால் சிங்கப்பூர் ஆறு. பெரிய பால் தகரத்தைக் கப்பலாக மிதக்க விட்டு, வாய்க்காலுக்குள் கொண்டு போகச் சொல்லுங்கள். நுழையாது. "சரக்கு கிடங்குக்கு எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். சிறு சோப்புப் பெட்டியைப் படகாக்கப் பிள்ளைக்குத் தோன்றும். தொங்கான் பிறந்துவிட்டது.

பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் பாய்ச்ச, சிறு படகுகள் சரக்கை ஏற்றி ஆற்றோரக் கிடங்குகளில் இறக்கின. குடியேற்றத்தின் தொடக்க காலத்தில் இந்தப் படகுத் தொழிலில் சூலியா மக்கள் முன்னணியில் இருந்தனர். ராபிள்ஸ் காலத்து நகரப் படத்திலும் ஆற்றங்கரையை ஒட்டிச் சூலியா கம்பம் குறிக்கப்பட்டிருக்கிறது.

20 தீப்பெட்டிகளைச் சரக்கு மூட்டையாக வைத்து, படகு ஒன்றுக்கு 4 மூட்டை என்று விதியுங்கள். எத்தனை நடை? ஐந்து. ஒரு நடைக்கு ஒரு காசு கூலி என்றால் மொத்தக் கூலி என்ன? கணக்கும் சேர்ந்து வந்துவிடும். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இது இனிக்கும்.

அடுத்து, அந்த 20 தீப்பெட்டிகளையும் ஒரு காலணிப் பெட்டியில் போட்டு மூடி, ஒரே தூக்கில் கப்பலிலிருந்து கரைக்கு எடுத்து வையுங்கள். 1972 இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் துறை திறந்தபின் நிகழ்ந்தது இதுவே. ஐந்து நடைக்குப் பதில் ஒரு தூக்கு. படகுகளுக்கு வேலை குறைந்தது. 1977 முதல் 1987 வரை ஆற்றைச் சுத்தம் செய்யும் பெருவேலை நடந்தது. 1983 இல் சரக்குப் படகுகள் ஆற்றை விட்டு பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. "படகுக்காரர் பிறகு என்ன செய்தார்?" என்று பிள்ளை கேட்டால் அவசரப்பட்டுப் பதில் கூறாதீர்கள். "நீ அவராக இருந்தால் என்ன செய்வாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். காலம் மாறும்போது வியாபாரியும் மாற வேண்டியிருக்கிறது என்பதை நம் வீட்டு வாரிசு அறிய இதைவிட ஏற்ற வயது வேறில்லை.

நான்காம் பாடம்: மலாக்காக் கோட்டை

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். முதலில் கோட்டை இல்லாத மலாக்காவை அமையுங்கள். ஆறு, பாலம், சந்தை, சுல்தானின் மரத்தாலான மாளிகை. குஜராத்தியர், தமிழர், ஜாவானியர், சீனர் என்று நான்கு நிறக் கவ்விகளைச் சந்தையில் நிறுத்துங்கள். அக்கால மலாக்காவில் நம் கரை வணிகர் பெருமளவில் இருந்தனர். சுல்தான் மகுமூது காலத்தில் பெண்டஹாரா பதவி வகித்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர் என்பது மலாய்ச் சரித்திரம் கூறும் செய்தி.

1511 இல் போர்த்துக்கீசியர் ஊரைப் பிடித்துக் கல்லால் கோட்டை கட்டினர். பிள்ளை தீப்பெட்டிகளால் மதில் எழுப்பட்டும். 1641 இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். மதில் அப்படியே இருக்க, கொடியை மட்டும் மாற்றுங்கள். 1807 இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை இடிக்கத் தொடங்கினர். வேறு எவரும் அதைப் பிடித்து உள்ளே அமர்ந்துவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். இப்போது மதிலை இடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிலும் மகிழ்ச்சியான பாடம் கிடையாது! ஆனால் ஒரே ஒரு வாயிலை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இன்று மலாக்காவில் நிற்கும் அந்த வாயிலின்மேல் 1670 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையில் டச்சுக்காரர் காலத்து ஆண்டு எப்படி வந்தது? கயிற்றைப் பார்த்துப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று நிறச் சீட்டுகள்

எல்லாப் பாடங்களிலும் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். கட்டியவற்றின் அருகே சிறு சீட்டுகள் வையுங்கள். கல்வெட்டிலோ பதிவேட்டிலோ கண்டதை வெள்ளைச் சீட்டில் எழுதுங்கள். நன்னாவும் நன்னியும் சொன்னதை மஞ்சள் சீட்டில், சொன்னவர் பெயருடன் எழுதுங்கள். இன்னும் தெரியாததற்கு நீலச் சீட்டு. அதில் கேள்வியை மட்டும் எழுதுங்கள்.

மஞ்சள் சீட்டு தாழ்ந்ததன்று. 1926 இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1970 களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இது வெள்ளைச் சீட்டுச் செய்தி. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர் என்ன கொண்டு வந்தார், கரையில் யார் வந்து அழைத்துப் போனார், முதற் சம்பளம் எவ்வளவு என்பவை மஞ்சள் சீட்டில்தான் வரும். அவற்றை அறிந்தவர் நம் வீட்டுத் திண்ணையிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இருக்கிறார். அவர் இருக்கும்போதே பிள்ளையை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். காசைக் கொடுக்கும் நேரத்திலும் வாங்கும் நேரத்திலும் வாய்ச்சொல்லுக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் நன்கறிவோம். சரித்திரத்திலும் அந்த வித்தியாசத்தைப் பேணும் பிள்ளை, பின்னாளில் எவர் வந்து எதைச் சொன்னாலும், "இது எந்த நிறச் சீட்டு?" என்று கேட்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

கட்டுவது பிள்ளையின் வேலை. வாப்பா உட்கார்ந்து அழகாகக் கட்டி முடித்தால் வாப்பாவுக்கே பாடம் ஆகும். கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஆள் நுழையும் வாசல் இருந்தால் போதும்.

ஒரு பாடத்துக்கு ஓர் ஆண்டு, அல்லது இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

பசையைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். ஒட்டியதை மாற்ற முடியாது. மாற்றுவதே நம் பாடம்.

ஆண் பிள்ளைக்குக் கட்டை, பெண் பிள்ளைக்கு அடுப்படிச் சாமான் என்று பிரிக்க வேண்டாம். இருவரும் ஒரே ஊரின் வாரிசுகள்.

தமிழிலேயே பேசுங்கள். செங்கல், கூரை, வாசல், மதில், நங்கூரம், கிடங்கு என்ற சொற்கள் கையோடு சேர்ந்து வந்தால் ஒருநாளும் மறவா.

கடையை இரவு வரை நடத்தும் நமக்கு நேரம் ஏது என்பீர்கள். வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் போதும். வீட்டில் உம்மா பாடத்தை நடத்த, வாப்பா சனிக்கிழமை இரவு இரண்டு வெற்றுப் பெட்டிகளைக் கொண்டு வந்து கொடுத்து, ஞாயிறன்று பிள்ளை கட்டியதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாலும் பாடம் நடக்கும்.

நிற்க. வீட்டுப் பாடம் என்றதும் பள்ளியே வேண்டாம் என்று எண்ணிவிடலாகாது. சிங்கப்பூரில் 2000 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையை முழுவதும் வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். அப்பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் எழுத வேண்டும். மலேசியாவிலும் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். இங்கே நாம் கூறுவது பள்ளி வயதுக்கு முன்னும், பள்ளி விடுமுறையிலும், ஓய்வு நாளிலும் வீட்டில் நடத்தக்கூடிய பாடமே. இதனால் மதிப்பெண் கூடும் என்று நாம் வாக்களிக்கவில்லை. "நீ எந்த ஊர்?" என்று கேட்பவருக்குப் பிள்ளை தலை நிமிர்ந்து, காரணத்தோடு பதில் சொல்லும். அதற்காகவே இவ்வளவும்.

பயிற்சிக் கேள்விகள்

(பிள்ளையிடம் கேட்க)

1. கடைவீட்டின் நடுவில் முற்றம் ஏன்?

2. கல் பள்ளிக்குக் குச்சுப் பள்ளி என்ற பெயர் எப்படி வந்தது?

3. தெலுக் ஆயர் தெருவில் கடல் எங்கே போயிற்று? அதை மூடிய மண் எங்கிருந்து வந்தது?

4. தொங்கான்களுக்கு வேலை குறைந்தது ஏன்?

5. மலாக்காக் கோட்டையை யார் கட்டினார், யார் இடித்தார்? மீதி நிற்பது என்ன?

(பெற்றோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள)

6. நம் குடும்பத்தில் முதலில் இக்கரையில் இறங்கியவர் யார்? எந்த ஆண்டு? எந்தக் கப்பல்? இதற்கு வெள்ளைச் சீட்டு எழுத நம்மிடம் ஏதேனும் காகிதம் உண்டா? இல்லையெனில் மஞ்சள் சீட்டு எழுத இன்னும் யார் இருக்கிறார்?

ஆறாம் கேள்விக்கு விடை காண நாளைக் கடத்த வேண்டாம். இந்த வாரமே ஒரு சீட்டாவது எழுதிக் கயிற்றில் கட்டுங்கள்.